கரையில் ஆறு மணி நேரம்

கடற்பயணம் என்றதும் நாம் கடலைப் பற்றியே எண்ணுகிறோம். ஆனால், கடலில் செல்வோர் ஓயாது நினைப்பது கரையைத்தான். ஒரு பகலும் இரண்டு இரவும் நீரையும் வானையுமே நோக்கியிருந்தவர்க்குத் தொலைவில் நீலமாய்த் தெரியும் ஒரு மலைமுகடு, நெடுநாள் பிரிந்த உறவினர் முகம்போல் தோன்றுகிறது. அத்தகைய காட்சியை ஒரு கோடை விடுமுறையில் நான் என் குடும்பத்தாருடன் கண்டேன்.

நானும் என் மனைவியும் பதினான்கு வயது மகளும் பத்து வயது மகனும் சிங்கப்பூரிலிருந்து ஓர் உல்லாசக் கப்பலில் புறப்பட்டோம். எழுபத்தைந்து வயதைக் கடந்த என் அன்னையாரும் உடன் வந்தார். தள்ளாத வயதில் கடற்பயணத்திற்கு அவர் இசையமாட்டார் என்றே நான் எண்ணியிருந்தேன். "கப்பல் எந்தெந்த ஊரில் நிற்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பினாங்கில் ஒரு பகல் நிற்கும்" என்றேன். "சரி, வருகிறேன்" என்று உடனே உடன்பட்டார். அந்த ஒரு சொல்லின் பொருளை நான் அப்போது ஆராய்ந்து பார்க்கவில்லை.

எங்கள் கப்பலை மிதக்கும் ஊர் என்றே கூறலாம். பதினைந்துக்கு மேற்பட்ட அடுக்குகள், நீச்சற் குளங்கள், நாடக அரங்கு, எந்நேரமும் உணவு கிடைக்கும் கூடங்கள். பிள்ளைகள் இருவரும் ஓரிடத்தில் நில்லாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தனர். அன்னையார் மட்டும் மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, இந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறேன்" என்றார்.

மூன்றாம் நாட் காலை எட்டு மணிக்குக் கப்பல் பினாங்குத் துறையை அடைந்தது. பினாங்கு, மலாய் நாட்டின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு தீவு. 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். எனவே இதனைப் பாக்குத் தீவு என்று நாம் கூறலாம். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இங்கு வந்து இறங்கினார். அவர் தோற்றுவித்த நகரம், அந்நாளைய இங்கிலாந்து மன்னரின் பெயரால் சார்ச்சு நகரம் எனப்பட்டது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் பிறரும் கூடி வளர்த்த அந்தப் பழைய நகரை 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமை இடமாக அறிவித்தது.

கப்பலிலிருந்து இறங்குமுன் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புக் கேட்டது: "பயணிகள் அனைவரும் பிற்பகல் மூன்றரை மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். நான்கு மணிக்குக் கப்பல் புறப்படும்." கப்பலாரே நடத்தும் சுற்றுலாவிற் சென்றவர்கள் காலந்தாழ்த்தினால் கப்பல் காத்திருக்கும், தாமாகச் செல்பவர்களுக்காகக் காத்திராது. செலவைக் கருதி நாங்கள் தாமாகச் செல்பவர் கூட்டத்திற் சேர்ந்தோம். கரையில் கால் வைத்தபோது மணி ஒன்பதரை. எங்களுக்கு இருந்தது ஆறு மணி நேரம்.

"முதலில் மலை!" என்றான் மகன். பினாங்கு மலைக்குச் செல்லும் இழுவை இரயில் 1923-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. செங்குத்தான சரிவில் கம்பிவடத்தால் பெட்டியை மேலே இழுக்கிறார்கள். பழைய நாளில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2011-ஆம் ஆண்டிற் புதுப்பித்த பின்னர் ஒரே பெட்டியில் சில நிமிடங்களில் உச்சிக்குச் சென்றுவிடலாம். ஆனால், அச்சில நிமிடப் பயணத்திற்காக நாங்கள் ஒரு மணி நேரத்திற்கு மேல் வரிசையில் நின்றோம். அன்னையார் அடிக்கடி என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். களைப்பினால் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மலையுச்சியில் குளிர்ந்த காற்று வீசிற்று. கீழே சிவந்த ஓட்டுக் கூரைகளும் வானளாவிய மாடங்களும் கலந்த நகரம்; அதற்கு அப்பால் நீரிணை; நீரிணையின்மேல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நீண்ட பாலம். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. துறைமுகத்தில் எங்கள் பெருங்கப்பல் ஒரு தீப்பெட்டி போலக் கிடந்தது. பிள்ளைகள் பாலத்தையும் கப்பலையும் காட்டி ஆரவாரித்தனர். அன்னையாரோ வேறு திசையில், கடல் விரியும் வடக்குப் பக்கத்தையே நோக்கி நின்றார்.

"அந்த வழியாகத்தான் ரஜுலா வந்திருக்க வேண்டும்" என்றார், தமக்குத் தாமே பேசுபவர்போல.

"ரஜுலா என்றால் என்ன பாட்டி?" என்று கேட்டாள் மகள்.

"கப்பல் அம்மா. நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் அப்பா அதில்தான் வந்தார்."

எனக்கு உள்ளம் திடுக்கிட்டது. 1926-ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பல், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழரைப் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சென்றது. 1950-ஆம் ஆண்டில் என் தாய்வழிப் பாட்டனாரும் அதில் ஏறினார். அப்போது என் அன்னையாருக்கு இரண்டு வயது. 1956-இல் ஒரு முறை ஊர் வந்து இரண்டு மாதம் தங்கினார். 1961-இல் அவர் இறந்த செய்திதான் வந்தது. இவை யாவும் நான் அறியாதன அல்ல. அறிந்திருந்தும் ஒரு கணமேனும் நினைத்தேனில்லை. பயணத் திட்டம் வகுத்தபோது மலையின் உயரத்தையும் உணவகங்களின் பெயரையும் தேடிப் படித்த நான், என் அன்னையார் ஏன் வருகிறார் என்று கேட்கவில்லை.

அன்னையார் தம் சுருக்குப்பையைத் திறந்து, மடிப்புகள் நைந்த ஒரு நீலநிற வானஞ்சல் கடிதத்தை எடுத்தார். அனுப்புநர் முகவரியில் மார்க்கெட் தெருவில் இருந்த ஒரு கடையின் பெயரும் எண்ணும் மங்கலாகத் தெரிந்தன.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே, பாட்டி!" என்றாள் மகள்.

"பிள்ளைகள் மலை பார்க்க ஆசைப்பட்டீர்கள். நான் குறுக்கே நிற்கலாமா? அந்தக் கடை இருக்கிறதோ இல்லையோ!"

மலையிலிருந்து இறங்கவும் வரிசை நீண்டிருந்தது. அடிவாரத்தை அடைந்தபோது மணி ஒன்று. நீரின்மேல் மரக்கால் நாட்டிச் சீனக் குடியினர் கட்டி வாழும் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் நெடுநாள் விருப்பம். அதை விட்டால்தான் மார்க்கெட் தெருவிற்குச் செல்ல முடியும். நான் தயங்கினேன். மகளே முந்திக்கொண்டு, "அந்த வீடுகளைப் படத்திற் பார்த்துக்கொள்ளலாம். பாட்டியின் கடைக்குப் போவோம்" என்றாள். மகனும் தலையசைத்தான். என் பிள்ளைகளை நான் அன்று முதன்முறையாக வியந்து பார்த்தேன்.

வண்டி பழைய நகருக்குள் நுழைந்தது. தமிழ் எழுத்துப் பலகைகள் தோன்றின. மல்லிகை மணம் வந்தது. ஒரு கடையில் வடை பொரியும் ஓசை கேட்டது. நாடு கடந்து வந்தோமா, நாகைக் கடைத்தெருவிற்கே திரும்பிவிட்டோமா என்று ஐயுற்றோம். 1833-ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அண்மையிலேயே இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் தமிழ் முசுலீம் வணிகர் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்காவும் உள்ளன. மலாய் மொழியில் கப்பலைக் 'காப்பால்' என்றும் கடையைக் 'கெடாய்' என்றும் வழங்குகின்றனர். இரண்டும் தமிழ் தந்த சொற்கள். கப்பலில் வந்து கடை வைத்தவர்கள் தம் சொற்களையும் இறக்கிவைத்துச் சென்றார்கள் போலும்!

எண்ணைக் கொண்டு கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். இரண்டடுக்குள்ள குறுகிய பழைய வீடு. கீழே இப்போது கைப்பேசி விற்கும் கடை. அதை நடத்திய சீன இளைஞரிடம் கடிதத்தைக் காட்டி ஆங்கிலத்தில் செய்தியைக் கூறினேன். அவர் கடிதத்தை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அன்னையாருக்கு இட்டார். பிறகு, அடுத்த கடையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெரியவரை அழைத்துவந்தார்.

பெரியவருக்கு எண்பது வயதிற்கு மேலிருக்கும். "இது முன்பு துணிக்கடை. நான் சிறுவனாக இருந்தபோது இங்கே ஏழெட்டுச் சிப்பந்திகள் இருந்தார்கள், எல்லாரும் நம் ஊர்ப்பக்கத்தவர்கள்" என்றார்.

"அவர்கள் எங்கே தங்குவார்கள்?" என்று அன்னையார் கேட்டார்.

"எங்கே தங்குவது, தாயே! இங்கேதான்." பெரியவர் நாங்கள் நின்ற இடத்தையே காட்டினார். கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை ஒன்று தெரு முழுவதும் செல்கிறது. அதன் அகலம் பற்றி மலாய் மொழியில் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி என்று அதற்குப் பெயர். "கடை சாத்தியதும் பாயை விரிப்பார்கள். சாரல் அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு விடியும்வரை குந்தியிருப்பார்கள். சம்பளம் வாங்கியதும் முதல் வேலை ஊருக்குப் பணம் அனுப்புவதுதான்."

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கடிதத்தை என்னிடம் தந்து, "இதைப் படி" என்றார். அதில் இவ்வாறு எழுதியிருந்தது: "இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடியில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். காற்றோட்டமான இடம். என்னைப்பற்றிக் கவலை வேண்டா. குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட வேண்டா."

"அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாமேல் கோபமாக இருந்தேன்" என்றார் அன்னையார். "தனி அறையில் சுகமாக இருந்துகொண்டு எங்களை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சாவிற்குக்கூட நான் சரியாக அழவில்லை." அவர் எழுந்து சென்று நடைபாதையின் தூணொன்றைத் தொட்டார். பிறந்த குழந்தையின் தலையைத் தொடுவதுபோல அத்துணை மெதுவாகத் தொட்டார். அப்போதுதான் அவர் கண்களில் நீர் வந்தது.

"அப்பா, மூன்று மணி ஆகிறது" என்று மகன் மெல்லிய குரலிற் கூறினான். அவ்விடத்தை விட்டு அன்னையாரை எழுப்பிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே, "போகலாம்; கப்பல் நிற்காது" என்றார். பூக்கடைப் பெரியவர் ஒரு முழம் மல்லிகையை அவர் கையில் வைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். இரண்டு முச்சக்கர வண்டிகளில் ஏறினோம். அவ்வூரில் ஓட்டுபவர் பின்னாலும் பயணி முன்னாலும் இருப்பார்கள். முன்வண்டியில் அன்னையாரும் மகளும் கைகோத்து அமர்ந்து சென்றதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். துறையை அடைந்தபோது மூன்று இருபத்தைந்து. கப்பற்படியில் ஏறிய கடைசிச் சிலருள் நாங்களும் இருந்தோம்.

நான்கு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. அன்னையார் மல்லிகையிற் பாதியைப் பேத்தியின் கூந்தலிற் சூட்டினார். மீதியைக் கடலில் விட்டார். மலையும் நகரும் சிறுத்துச் சிறுத்து மறைந்தன.

நாங்கள் அத்தீவில் ஆறு மணி நேரம் இருந்தோம். மாலைக்குள் திரும்பாவிட்டால் என் செய்வது என்று அந்த நேரம் முழுதும் அஞ்சினோம். எங்கள் பாட்டனார் அதே கரையில் இறங்கிப் பதினோர் ஆண்டுகள் இருந்தார். ஒரு முறைதான் திரும்பினார். தம்மைப் பற்றி அவர் எழுதிய பொய்யினால் ஒரு சிறுமி கவலையின்றிப் படித்தாள். அவள் ஆசிரியையானாள், தன் மக்களையும் படிக்க வைத்தாள். அப்படிப்பின் பயனாகவே நாங்கள் உல்லாசக் கப்பலில் அவ்வழியே செல்ல முடிந்தது. ஒரு குடும்பத்தைத் துன்பத்திலிருந்து மீட்பதைக் 'கரையேற்றுதல்' என்று தமிழில் கூறுகிறோம். அச்சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை அந்த ஐந்தடி நடைபாதையில்தான் கற்றேன்.