கணினிக்குள் ஒரு துபாஷி

யாம் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற 2009ஆம் ஆண்டில், கலாசாலைச் சஞ்சிகையின் இதழாசிரியப் பொறுப்பு எம்மை வந்தடைந்தது. நம் கல்லூரியில் எமக்குத் தமிழறிவூட்டிய ஆசான், எம் வேண்டுகோட்கிணங்கி அதற்கொரு கட்டுரை உவந்தளித்தார்.

பக்கங்களைக் கணினியிற் கோத்துத் தருமாறு அச்சகத்தார் பணித்தனர். அவர்கள் குறித்த மென்பொருளோ விண்டோசில் மாத்திரம் இயங்குவது. எமது பழங்கணினியில் இருந்ததோ லினக்ஸ். விண்டோசின் உரிமம் வாங்கப் பணமின்மையால் யாம் அதனை ஏற்றிருந்தோம்.

நண்பரொருவர் நகல் இறுவட்டொன்றை நீட்டி, "இதைப் போடும் ஐசே, ஊரெல்லாம் போடுகிறது" என்றார். பிறர் உழைப்பைக் கவர்தல் தகாதென நாளை மாணாக்கர்க்கு உரைக்கவேண்டிய யாம், உண்மை கூறின், ஓரிரவு முழுதும் தடுமாறினோம், பின் மறுத்தோம்.

அந்நிலையிற் கைகொடுத்தது 'வைன்'. பெயர் கேட்டு அன்பர்கள் மருளற்க, இது பருகுவதன்று! விண்டோசுக்கென ஆக்கப்பட்ட நிரல்களை லினக்சில் இயக்கும் இலவச மென்பொருள். 1993இல் தொடங்கிய இம்முயற்சியின் 1.0 பதிப்பு, பதினைந்தாண்டு உழைப்பின் பின்னர் 2008இல் வெளிவந்தது. கோப்பினைத் திற, எழுத்தினை வரை என நிரல் விண்டோசை நோக்கி வேண்டும். வைன் இடைநின்று, அவ்வேண்டுகோளை லினக்ஸ் அறியும் வண்ணம் மாற்றி, விடையையும் பெற்றுத் தரும். முன்னாளிற் துபாஷிகள் செய்த தொழிலும் இதுவன்றோ?

மென்பொருளின் முப்பது நாட் சோதனைப் பதிப்பை வைனில் நிறுவினோம். தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றின. பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளிலே தமிழை அமர்த்துவது. அவ்வெழுத்துரு இல்லாவிடத்து ஆங்கிலமே தெரியும். வைனின் எழுத்துருக் கோப்புறையில் அதனை இட்டதும் தமிழ் மலர்ந்தது. அச்சிட முயன்றபோது மாத்திரம் நிரல் செயலற்று நின்றது. ஆதலின் கோப்பையே அச்சகத்திற் சேர்ப்பித்தோம். சஞ்சிகை உரிய நாளில் வெளிவந்தது.

இம்மலருக்கென அக்கட்டுரையை மீண்டும் தேடினோம். ஆசான் இன்று நம்மிடையே இல்லை. கோப்பு எம்மிடம் உண்டு; ஆயின், சோதனைப் பதிப்பின் தவணை என்றோ முடிந்தது; அச்சகமும் மூடப்பட்டுவிட்டது. நண்பர் வீட்டிற் கிடைத்த அச்சுப் பிரதியைப் பார்த்துத் தட்டெழுதினோம். கறையான் அரித்த ஓரிடத்தில் இரு வரிகள் இல்லை. அவற்றை இனி யாரிடம் கேட்போம்?

துபாஷி மொழியைப் பெயர்ப்பான், பூட்டைத் திறக்கமாட்டான். அன்று கோப்பு அச்சகத்தைச் சேர்ந்ததே போதுமென்றிருந்தோம். அக்கட்டுரையை யுனிகோட் எழுத்தில், எக்கணினியும் திறக்கவல்ல எளிய கோப்பாகவும் ஒரு பிரதி வைத்திருப்பின், அவ்விரு வரிகளும் இன்றிருக்கும். இம்மலருக்கு எழுதும் மாணவச் செல்வங்கள் அதனை மறவாதிருப்பாராக.

கல்லூரித்தாய் நீடு வாழ்க!