ஓக்வில் மின்னலும் ஒரு காற்றுக் கதவும்

ரொறன்ரோவிலிருந்து ஹமில்ற்றன் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் ஓக்வில்லைக் கடக்கும்போது போர்ட் தொழிற்சாலையின் நீண்ட கூரைகள் தெரியும். அந்த இடத்தில் ‘ஒன்ராறியோ ட்ரக்’ என்ற பிரிவு 2004 வரை இயங்கியது. டெக்சாஸ் மாட்டுப்பண்ணைக்காரரின் வண்டி என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கும் எஃப்-150 இன் மிகத் துடுக்கான பிள்ளை, எஸ்விரி லைற்னிங், 1999 முதல் 2004 வரை அங்கேதான் பூட்டப்பட்டது. மொத்தம் 28,124 வண்டிகள். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

“கனடாவில செய்த வண்டி எண்டா எங்கட ஆக்களே நம்பமாட்டினம்” என்கிறார் ஸ்காபரோவில் 2003ஆம் ஆண்டு லைற்னிங் ஒன்றை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர். பெயர் போடக்கூடாது என்பது அவருடைய மனைவியின் நிபந்தனை. தொண்ணூறுகளின் நடுவில் வந்து, வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ற்றில் நின்று, வீட்டுக் கடன் கட்டி, தங்கச்சிமாருக்குக் கலியாணம் செய்துவைத்து, ஐம்பதை நெருங்கும்போது தனக்கென்று வாங்கிய முதற் பொருள் இதுதான். ஊரில் காணி வாங்கியிருக்கலாமே என்று கேட்காத உறவினர் இல்லை.

கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. இரண்டு தொன்னுக்கு மேல் எடை, மூன்று பேர் நெருக்கி அமரலாம், பெற்றோல் தண்ணீர்போலப் போகும். 5.4 லீற்றர் வி8 எஞ்சினின் தலையில் ஈற்றன் எம்112 சுப்பர்சார்ஜர், காற்றை அழுத்தித் தள்ளும் ஊதி. 2001 முதல் வந்த வண்டிகளில் 380 குதிரைவலு. உற்பத்தியில் இருந்த பிக்கப் ட்ரக்குகளில் அதிவேகமானது என்ற பட்டம் கொஞ்சக் காலம் இதனிடம் இருந்தது. 2004இல் வைப்பர் காரின் பத்துச் சிலிண்டர் எஞ்சினோடு வந்த டொட்ஜ் றாம் எஸ்ஆர்ரி-10 அதைப் பறித்துக்கொண்டது.

எஞ்சின் பைத்தியம் அவருக்குக் கனடாவில் பிடித்ததல்ல. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஏ40 கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உயிர் கொடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சேலைன் போத்தலில் மண்ணெண்ணெய் தொங்கும், குழாய் வழியாக இறங்கும். பெற்றோல் சொட்டுக் கணக்கில் விலைபோன காலம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. ஏற்றத்தில் சுமையோடு மிதித்தால் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல ‘டக் டக்’ என்று கேட்கும். அந்தச் சத்தம் வரும்போது காலை எடுக்காதவனுடைய பிஸ்டன் நெடுநாள் நிற்காது. பதினைந்து பதினாறு வயதில் ஒரு கராஜில் எடுபிடியாக நின்று அவர் பழகியது அந்தக் காதுப் பாடம். சுப்பர்சார்ஜர் வைத்த எஞ்சினும் சாவது அநேகமாக இதே சத்தத்தில்தான் என்பது பின்னாளில் தெரியவந்தது.

இனி விஷயத்துக்கு வரலாம். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது பெற்றோல் திறக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். காபரேற்றர் காலத்திலும் சரி, இன்றைக்கும் சரி, பெற்றோல் எஞ்சினில் கால் திறப்பது காற்றை. அந்தக் கதவு இருக்கும் அலுமினியத் துண்டுதான் திறொட்டில் பொடி. லைற்னிங்கில் அது கேபிளால் இயங்குகிறது. இரண்டு வட்டத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. காற்று வடிகட்டியைத் தாண்டி, காற்றளக்கும் மீற்றரைத் தாண்டி, இந்தக் கதவைத் தாண்டித்தான் சுப்பர்சார்ஜருக்குள் நுழைகிறது. அதாவது கதவு ஊதியின் வாய்ப்பக்கம் இருக்கிறது. வெளியேறும் பக்கம் அல்ல. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எம்112 என்ற பெயரிலேயே கணக்கு இருக்கிறது: ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், ஏறக்குறைய 1.83 லீற்றர் காற்று. எஞ்சின் 5,000 சுற்றில் ஓடும்போது அது அதன் இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். கடதாசிக் கணக்குப்படி நிமிடத்துக்கு 18,000 லீற்றருக்கு மேல் வேண்டும். கதவு முழுதாகத் திறந்திருந்தும் அவ்வளவும் வழுக்கிக்கொண்டு போக வழியில்லையென்றால் கதவுக்கும் ஊதிக்கும் இடையில் வெற்றிடம் உண்டாகும். அங்கே இழக்கும் ஒரு இறாத்தல் அழுத்தம் மறுபக்கம் ஒன்றாகவே வராது. எட்டு இறாத்தல் பூஸ்ற் என்பது வெளிக்காற்றைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு அழுத்துவது. எனவே வாயில் ஒன்று போனால் வயிற்றில் ஒன்றரை போகும்.

இந்தக் கணக்கைப் போடாமல் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பளபளக்கும் பெரிய திறொட்டில் பொடியைப் பூட்டியதும் பாதி மிதியில் வண்டி பாய்கிறது. பாய்ச்சலைப் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால் அரை அங்குலம் இறங்கும்போது முன்பைவிடக் கூடுதல் வழி திறக்கிறது, வேறொன்றுமில்லை. முழு மிதியில் பழைய கதவு போதுமானதாக இருந்திருந்தால் புதியது ஒரு குதிரையைக்கூடக் கூட்டாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் வியாபாரம் நடக்காது.

ஸ்காபரோக்காரருக்கு இதை விளங்கப்படுத்தியவர், அவரைவிடப் பத்து வயது இளைய ஒரு மெக்கானிக். அவரும் ஊர்க்காரர்தான். ஒன்ராறியோவின் 310எஸ் வாகனத் தொழில்நுட்ப உரிமத்தைப் பயிற்சி, வகுப்பு, சோதனை எல்லாம் முடித்து எடுத்தவர். ஊரில் கை கறுத்த அனுபவம் எத்தனை வருடம் இருந்தாலும் இங்கே தாள் வேண்டும்.

“அண்ணை, பொடியைப் பிறகு வாங்குவம். முதல்ல இருக்கிறது எவ்வளவு இழுக்குதெண்டு பாப்பம்.”

“உமக்கு ஒண்டும் செய்ய மனமில்லை, தம்பி.”

“மனமிருக்கு. உங்கட காசு எண்டதாலதான் யோசிக்கிறன்.”

ஊதியின் வாய்ப்பக்க அறையில் ஒரு சிறு குழாயைக் கொளுவி, அதைப் பொனற்றின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, வெற்றிட மீற்றரை முன் கண்ணாடியில் ரேப்பால் ஒட்டினார்கள். சோதனை நடந்தது, சில்லுகளை ஓடவிட்டு வலுவை அளக்கும் உருளை மேசையில். முழு மிதியில், கீழ்ச் சுற்றுகளில் முள் அசையவில்லை. நாலாயிரம் தாண்டியதும் மெல்ல ஏறத் தொடங்கியது. அதன் பிறகுதான் வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள்; முள் கொஞ்சம் இறங்கியது. ஆக இழப்பில் ஒரு பங்கு கதவுக்கு முன்னாலேயே இருக்கிறது. வடிகட்டிக்குப் பெரிய பெட்டி வந்தது. மிச்ச இழப்புக்காகத்தான் திறொட்டில் பொடி.

வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வது பத்தாம் வகுப்புக் கணக்கு. ஒவ்வொரு துளையும் 57 மில்லிமீற்றரிலிருந்து 62க்குப் போனால், ஐந்து மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். பரப்பு 18 வீதம் கூடுகிறது. ஆனால் அதற்குப் பின்னாலுள்ள அறையின் வாய் 57க்கு வெட்டியபடியே இருந்தால் காற்று விளிம்பில் மோதித் திரும்பும். கஸ்கற்றை அச்சாக வைத்து, விளிம்பை அரைத்துச் சரிசெய்ய வேண்டும். அரைத்த அலுமினியத் தூள் ஒரு துகளும் உள்ளே போகக்கூடாது; ஊதியின் உருளைகளுக்கு இடையிலான இடைவெளி மயிரிழை.

பூட்டும் வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. தலைவலி தொடங்கியது அதற்குப் பிறகு. சும்மா நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. புதிய தகடுகள் மூடிய நிலையிலும் பழையவற்றைவிடக் கூடுதலாகக் காற்றை விடுகின்றன. சும்மா ஓட்டத்துக்கென்று தனியாக உள்ள வால்வு தன் பங்கைக் குறைத்துக்கொண்டே போய், குறைக்க இடமில்லாமல் தடுமாறுகிறது. இந்த இடத்தில் பலருடைய கை தானாகத் தகட்டின் நிறுத்து ஆணிக்குப் போகும். மெக்கானிக் அதைத் தொடவிடவில்லை. அந்த ஆணி தகடு துளையில் இறுகிச் சிக்காமல் இருப்பதற்கானது. அதைத் திருப்பினால் தகட்டின் கோணத்தைச் சொல்லும் உணரியின் வோல்ற்றும் மாறும். மூடிய நிலையில் அது ஒரு வோல்ற்றுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். ஏறிவிட்டால் கதவு திறந்திருக்கிறது என்று கொம்பியூட்டர் நினைத்துக்கொள்ளும். உணரியில் மீற்றரின் ஊசியைக் குத்தி, வோல்ற்றைப் பார்த்து, கேபிளில் துளி தளர்வு விட்டு, வேக நிலைநிறுத்தியின் கேபிளையும் தனியாகச் சரிபார்த்து, கஸ்கற்றைச் சுற்றிக் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே மடிக்கணினியைத் திறந்தார்.

லைற்னிங்கின் கொம்பியூட்டர் போர்ட்டின் ஈஈசி-5. கதவின் அளவு அதற்கு நேரடியாகத் தெரியாது. மீற்றர் அளந்த காற்று, தகட்டின் கோணம், எஞ்சின் சுற்று ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்கிறது. சும்மா ஓட்டத்தில் கசியும் காற்றின் அளவைத் திருத்தினார். மூச்சு வாங்கல் நின்றது. பாதி மிதியின் துள்ளல் முழுதாகப் போகவில்லை. மெதுவாக ஓட்டும்போது சுப்பர்சார்ஜரின் பைபாஸ் வால்வு வெற்றிடத்தால் திறந்து காற்றைச் சுற்றவிடும். பெரிய கதவில் வெற்றிடம் சீக்கிரம் சாய்வதால் வால்வும் முந்தி மூடிக்கொள்கிறது. அதற்குக் கால்தான் பழகவேண்டும்.

கவனம் முழுவதும் உச்சச் சுற்றில். காற்று கூடினால் மீற்றர் ஐந்து வோல்ற்றைத் தொடும். அதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. அளக்கப்படாத காற்றுக்குப் பெற்றோல் போகாது, கலவை மெலியும், பிறகு அந்த ‘டக் டக்’. அதனால் புகைக்குழாயில் அகலவீச்சு ஒட்சிசன் உணரியைப் பூட்டி, முழுச் சுமையில் கலவை (ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று) 11.5க்கு அருகே நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து எண்களைத் திருத்தினார்கள். தாங்கியில் 94 ஒக்ரேன். ஜூலை வெயிலில் 30 பாகையில் சரியாக்கிய கலவை ஒக்ரோபரில் 5 பாகைக்கு வரும்போது காற்றின் அடர்த்தி சுமார் 9 வீதம் கூடிவிடும். அந்த ஒன்பதுக்கும் மீற்றரிலும் இன்ஜெக்ரரிலும் இடம் விட்டிருக்க வேண்டும். பனிக்காலம் பற்றிய கவலை இல்லை: நவம்பரில் வீதியில் உப்புப் போடத் தொடங்குமுன் வண்டி மூடி வைக்கப்பட்டுவிடும்.

இவ்வளவுக்கும் கிடைத்தது என்ன? உருளை மேசையின் வரைபடத் தாளில், மேற்சுற்றுகளில் வலுக் கோடு முன்புபோலச் சாயாமல் நிமிர்ந்து நின்றது. கீழே பழைய கோடும் புதிய கோடும் ஒன்றன்மேல் ஒன்று. செலவோடு ஒப்பிட்டால் அதிகமென்று சொல்ல மாட்டேன். அவரும் சொல்லவில்லை, அந்தத் தாளை மட்டும் மடிக்காமல் வைத்திருக்கிறார்.

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும். ஒன்ராறியோவில் 80க்குக் குறைந்த வேக எல்லையுள்ள வீதியில் 40 கிலோமீற்றர் மிஞ்சினாலே அது ‘ஸ்ரன்ற்’ ஓட்டம். 2021இலிருந்து வீதியோரத்திலேயே 30 நாள் உரிமம் பறிப்பு, 14 நாள் வண்டி பறிமுதல். பிறகு நீதிமன்றத்தில் 2,000 டொலருக்குக் குறையாத தண்டம். எனவே கயூகாவில் உள்ள ரொறன்ரோ மோட்டர்ஸ்போர்ட்ஸ் பார்க்கின் கால் மைல் ஓடுபாதைக்குத்தான் போகிறார்கள். அங்கே ரெயிலரோடு வந்து நிற்கும் வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு அவரைத் தெரியும். குளிர்பெட்டியில் மற்றவர்கள் பியர் வைத்திருக்க, இவரிடம் மீன் பணிஸ் இருக்கும் என்பதும் தெரியும்.

அடுத்த ஆசை சுப்பர்சார்ஜருக்குச் சிறிய புளி, அதாவது பெல்ற் ஓடும் சில்லு. ஊதி இன்னும் வேகமாகச் சுழலும், பூஸ்ற் ஏறும். மெக்கானிக் மறித்துக்கொண்டு நிற்கிறார். சிலிண்டருக்கு இரண்டு வால்வுள்ள இந்த ட்ரைற்றன் எஞ்சினின் சிலிண்டர் தலையில் ஸ்பார்க் பிளக்கைப் பிடிக்கும் மரைகள் மிகக் குறைவு. தளர்ந்தால் பிளக் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறித்து வெளியே வரும். எட்டையும் ரோர்க் சாவியால் பார்த்து, வேண்டிய இடத்தில் உருக்கு மரை செருகிய பிறகே புளி என்பது அவர் வாதம். அண்ணை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். புளி ஏற்கெனவே ஓடர் பண்ணியாயிற்று. வரும் வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறது.