அளவு ரவிக்கை

அம்மாவின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாள், அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவர் குடியிருந்த வாடகை வீட்டை மாத இறுதிக்குள் காலி செய்தாக வேண்டும். "வைத்துக்கொள்ள வேண்டியது, கொடுத்துவிட வேண்டியது என்று இரண்டாகப் பிரித்துவிடு" எனச் சொல்லிவிட்டு அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். எளிய வேலை என்றே எண்ணினேன்.

மேலே நான்கைந்து பருத்திச் சேலைகள். ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுசென்றேன். பாச்சை உருண்டையின் நெடிக்கு அடியில் அம்மாவின் மணம் இன்னும் இருந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்தபின் எங்கள் இருவரையும் படிக்க வைத்தது அம்மாவின் தையல் இயந்திரம்தான். நான் வேலைக்குப் போனதும், "இனித் தைக்க வேண்டாம் அம்மா, பார்ப்பவர்கள் எங்களைத்தான் குறை சொல்வார்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இயந்திரத்தைத் துணியால் மூடி வைத்தார். கடமையைச் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

பெட்டியின் அடியில் ஒரு துணிப்பை. அதனுள் வெட்டி வைத்த நீலத் துணி, பழைய அளவு ரவிக்கை, அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. அதில் பக்கத்து வீட்டு அக்காவின் பெயரும் அளவுகளும் இருந்தன. கூலி என்று எழுதிய இடத்தில் வெறும் கோடு. ஒரு கை மட்டும் கையூசியால் தைக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு யாரேனும் என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சினாரோ?

பையோடு பக்கத்து வீட்டுக்குச் சென்றேன். அந்த அக்கா கணவரை இழந்தவர். பையைக் கண்டதும் அழுதுவிட்டார். "ரெண்டு வருசமா எனக்கும் என் மகளுக்கும் அவங்கதான் தம்பி தைச்சுத் தந்தாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க" என்றவர், தாம் உடுத்தியிருந்த ரவிக்கையின் கையோரத் தையலைத் தொட்டுக் காட்டினார்.

யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, அவர் செய்து தந்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுததைத் திருத்தூதர் பணிகளில் பலமுறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் அது விளங்கியது. அம்மாவின் உடைமைகளைப் பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தம் உடைமைகளை எப்போதோ பிறருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அந்த மகிழ்ச்சியைத்தான் ஒளித்துச் செய்யும்படி நான் ஆக்கியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா அக்கா?"

"அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க."

இயந்திரம் அந்த வீட்டுக்குப் போனது. வைத்துக்கொள்ள வேண்டியவற்றில், கூலியின் இடத்தில் கோடிட்ட அந்தச் சீட்டை முதலில் வைத்தேன்.