பெட்டிக்குள் அடைத்த பித்தளை நாதம்

ஊதுகின்றவர் ஒருவருமின்றி ட்றம்பெற் முழங்கும் காலம் இது. திரைப்படங்களில் நாம் கேட்டு மகிழும் பேரிசைக் குழுக்களிற் சில, உண்மையில் கணினியின் முன் தனித்து அமர்ந்திருக்கும் ஒருவரேயன்றி வேறல்ல. தேர்ந்த கலைஞரைக் கொண்டு ஒவ்வொரு வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாகவும் உரத்தும், நீட்டியும் குறுக்கியும் ஊதுவித்துப் பதிவுசெய்து, சாவிப்பலகையால் வேண்டியவாறு எழுப்பும்படி அமைத்து விற்கின்றனர். 'சாம்பிள் லைப்ரரி' என்பது இதற்கு வழங்கும் பெயர். பீ.பீ.சீ. சிம்பொனி வாத்தியக் குழுவை இலண்டன் மைடா வேல் கூடத்திற் பதிவுசெய்து ஸ்பிற்ஃபயர் ஓடியோ நிறுவனத்தார் 2019 இல் வெளியிட்ட தொகுதி இவ்வகையிற் பெயர்பெற்றது.

நம் சகோதரியின் மகன் குறும்படம் ஒன்றுக்கு இசையமைத்து வந்தான். எட்டு மாதம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அவன் கையில் இருந்தது. அவ்வளவையும் பித்தளை வாத்தியத் தொகுதி ஒன்றுக்குக் கொடுத்துவிடத் துணிந்து, "மாமா, இதை வாங்கலாமோ?" என்று கேட்டான். நாம் பாடசாலை நாளில் ட்றம்பெற் ஊதியவர் என்பதே இந்த மதிப்புக்குக் காரணம். உதடு மறந்துவிட்டது, செவி இன்னும் மறக்கவில்லை.

விற்போர் வெளியிட்டிருந்த மாதிரி இசையைக் கேட்டோம். இடிமுழக்கந்தான்! ஆயினும் மாதிரி இசை என்பது புடைவைக் கடைப் பொம்மைக்கு உடுத்திய சேலை போன்றது. பொம்மைக்கு எது எடுப்பாயிருக்குமோ அதையே கடைக்காரர் உடுத்துவர். ஆகவே, அதே தொகுதியை முன்னரே வாங்கியிருந்த அவன் நண்பனின் இல்லத்துக்குச் சென்று, இரண்டு மாலைப்பொழுதுகள் அதனைச் சோதித்தோம்.

முதலிற் பார்க்க வேண்டியது மெல்லிய ஒலியிலிருந்து உரத்த ஒலிக்கு ஏறும் வழியை. பித்தளை வாத்தியத்தில் உரத்து ஊதுதல் என்பது ஒலியைப் பெருக்குதல் மாத்திரமன்று. நாதத்தின் நிறமே மாறிவிடும். மெல்ல ஊதிய ஹோர்ண் பட்டுப்போல் வழுக்கும். அதே சுரத்தை முழுமூச்சோடு ஊதினாலோ தகடு கிழிவதுபோல் அதிரும். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் குளோட் றிஸே என்னும் அறிஞர் கணினி கொண்டு ட்றம்பெற் ஒலியைப் பகுத்தாராய்ந்தார். ஒலி வலுக்க வலுக்க உயர்ந்த மேற்றொனிகளின் பங்கு மிகுவதைக் கண்டார். உரத்து ஊதும் ட்றொம்போனின் குழாய்க்குள்ளே அதிர்ச்சியலையே தோன்றுகிறது என்று 1996 இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். எனவே ஒரே பதிவின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து எவரையும் ஏமாற்ற இயலாது. வெவ்வேறு வலிமையில் ஊதிய பதிவுகள் பல வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது காதுக்குப் புலப்படவும் கூடாது. நாம் சோதித்த தொகுதியில் மூன்று படிகளே இருந்தன. தனி ஹோர்ணை எடுத்துக்கொண்டு சில்லை மெல்ல மேலே தள்ளினோம். நடுவழியில் ஒரு ஹோர்ண் இரண்டாயிற்று. சற்றுக் கழித்து மீண்டும் ஒன்றாயிற்று! இரு பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் அது.

ஒரே சுரத்தை விரைந்து பலமுறை தட்டிப் பார்த்தலும் நல்ல சோதனையே. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி கெட்டது போங்கள். இத்தொகுதி நான்கு பதிவுகளை மாறி மாறி ஒலித்து இதிலே தேறிவிட்டது. சுரத்தோடு சுரம் இழையும் இடங்களும், நடை மெதுவாக இருக்கும்வரை, குறையின்றி அமைந்தன.

பின்பு மருமகன் பெருமிதத்தோடு ஆறு ஹோர்ண்கள் சேர்ந்து ஊதிய பதிவைத் திறந்து, மூன்று சுரங்களை ஒருங்கே அழுத்தினான். அறை அதிர்ந்தது. ஆறு பேர் மூன்று சுரங்களைப் பங்கிட்டுக்கொண்டால் சுரத்துக்கு இருவர். இங்கோ சுரத்துக்கு அறுவராகப் பதினெண்மர் ஊதுகின்றனர். சிம்பொனிக் குழுக்களிற் பெரும்பாலும் நான்கு ஹோர்ண்களே உண்டு. "உன் படத்திற் போர்க்களம் உண்டோ?" என்று கேட்டோம். இல்லை, மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் ஒரு கிழவரின் கதை அது. அவன் எழுதியிருந்ததும் ஒரேயொரு ஹோர்ண் தனித்து ஊதும் மெல்லிய இசை.

அந்தத் தொகுதி தீயதன்று. முழக்கத்துக்கு அது சிறந்ததே. ஆனால் அவனுக்கு வேண்டிய இடத்திலேதான் அது நலிந்திருந்தது. மூன்றிலொரு பங்கு விலையில், தனி வாத்தியங்களை ஐந்து படிகளிற் பதிவுசெய்த சிறிய தொகுதி ஒன்றைப் பார்த்து அதையே வாங்கும்படி கூறினோம். மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, வாத்தியக் குழுவொன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஹோர்ண் கலைஞர் ஒருவரைத் தேடிப்போனோம். பெரியவர் தாளை வாங்கி, விரலால் தாளமிட்டபடி இருமுறை படித்தார். "தம்பி, ஒன்பது அட்சரம் நிறுத்தமில்லாமல் எழுதியிருக்கிறீர். நான் எங்கே மூச்செடுப்பது?" என்றார். கணினி அதைக் கேட்டதேயில்லை. மருமகன் பென்சிலை நீட்டினான்; அவர் ஐந்தாம் அட்சரத்தின் முடிவில் சிறியதொரு காற்புள்ளியை இட்டுவிட்டு வாத்தியத்தைக் கையிலெடுத்தார்.