கடல் வலப்பக்கம்

ஒரு தீவைச் சுற்றிவர இரண்டு வழிகள்தாம் உண்டு. கடிகார முள் நகரும் திசையில் போகலாம். இல்லையென்றால் அதற்கு எதிராக. மற்ற எல்லாவற்றையும் ஒரே மாலையில் பேசி முடித்துவிட்ட எனக்கும் நண்பருக்கும் இந்த ஒன்றைத் தீர்மானிக்க மூன்று வாரங்கள் பிடித்தன.

தீவு, கோர்சிகா. முழுத் தீவையும் சைக்கிளில் சுற்ற எங்கள் முழங்கால்கள் சம்மதிக்கவில்லை. வரைபடத்தில் கோர்சிகாவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: மூடிய கையிலிருந்து சுட்டுவிரல் மட்டும் வடக்கே, இத்தாலியின் ஜெனோவா இருக்கும் பக்கமாக நீண்டிருப்பது போன்ற உருவம். அந்த விரலுக்குக் காப் கோர்ஸ் என்று பெயர். நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடுவில் முதுகெலும்பாக ஒரு மலைத்தொடர். விரலின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே போகும் ஒரு சாலை, டி80. கிழக்கே பாஸ்தியாவில் தொடங்கி, மேற்கே சேன் ஃப்ளோரான் வந்து, தெகீம் கணவாய் வழியாக மீண்டும் பாஸ்தியா சேர்ந்தால் 120 கிலோமீட்டருக்கு மேல். பந்தய வீரர்களுக்கு அரைநாள் வேலை. எங்களுக்கு மூன்று நாட்கள், இரண்டு இரவுகள்.

மேசையில் விரித்து வைத்திருந்தது மிஷ்லின் சாலை வரைபடம். திரையில் நகரும் வரைபடங்கள் எத்தனை வந்தாலும் காகிதத்தின் மேல் விரல் வைத்து ஊர்வதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த வரைபடங்களுக்குத் தனி மொழியே உண்டு. ஏற்றமான சாலைகளின் மீது சிறு அம்புக்குறிகள். ஒன்றென்றால் மிதமான ஏற்றம், மூன்றென்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கண்ணுக்கு விருந்தான சாலைகளின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடும். காப் கோர்ஸின் மேற்குக் கரையில் அந்தப் பச்சை வெகுதூரம் தொடர்கிறது.

நண்பர் கடிகாரத் திசையை வற்புறுத்தினார். அவருடைய காரணங்களில் பிழையே இல்லை. பிரான்ஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அப்படிச் சுற்றினால் மேற்குக் கரையில் நாம் மலைச்சுவரை ஒட்டிப் போவோம். பள்ளமும் கடலும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். எதிர்த்திசையில் போனால் இடுப்பளவு கூட இல்லாத ஒரு கற்சுவர், அதற்கப்பால் வெறும் காற்று. நண்பருக்கு உயரம் என்றால் கால் கூசும். இன்னொன்று, அங்கே லிபெச்சியோ என்றொரு தென்மேற்குக் காற்று உண்டு. அது எழும் நாளில் தெற்கு நோக்கி மிதிப்பவர் அதை முகத்தில் வாங்க வேண்டும். வடக்கு நோக்கிப் போகிறவரை அது முதுகில் கைவைத்துத் தள்ளும்.

"பயமும் வேண்டாம், மூச்சு வாங்கவும் வேண்டாம். வேறென்ன வேண்டும் உங்களுக்கு?" என்றார்.

எனக்குக் கடல் கைக்கெட்டும் பக்கத்தில் வேண்டும் என்றேன். அது அரை உண்மை. மீதி அரையைச் சொல்லச் சில நாட்களாயின.

முதல் நாளில் எங்களுக்குள் சச்சரவே இல்லை. கிழக்குக் கரையில் சாலை கடல் மட்டத்தோடு போகிறது. வழியெங்கும் ஜெனோவாக்காரர்கள் கட்டிய வட்டக் காவல் கோபுரங்கள். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரின் பாய்மரம் தெரிந்ததும் ஒன்றில் தீ மூட்ட, அடுத்தது அதைக் கண்டு மூட்ட, செய்தி கரை முழுதும் ஓடிவிடும். மாசினாஜியோவுக்குப் பிறகு சாலை மலையேறி, விரல் நுனியைத் தொடாமல் குறுக்கே கடக்கிறது. மேற்கே இறங்கினால் செந்தூரி என்ற மீன்பிடித் துறை. அங்கே முதல் இரவு. கால் தளர்ந்தால் பாதி வழியிலேயே லூரி வழியாகக் குறுக்கே வெட்டிவிடலாம். அந்தக் கணவாய்க்கு மேலே செனெகாவின் கோபுரம் நிற்கிறது. ரோமானியத் தத்துவ ஞானி செனெகா கி.பி. 41 முதல் 49 வரை இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது வரலாறு. அந்தக் கோபுரம் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பதும் வரலாறு. ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறார்கள்.

தகராறு இரண்டாம் நாளில் இருந்தது. நோன்ஸா என்ற ஊரில். செங்குத்துப் பாறையின் உச்சியில் ஒரு சிற்றூர், அதன் தலையில் ஒரு கோபுரம். 1768இல் ஜெனோவாவிடமிருந்து தீவைப் பெற்றுக்கொண்டு பிரெஞ்சுப் படை வந்தபோது, கசெல்லா என்ற முதியவர் இந்தக் கோபுரத்தில் தனியாளாக நின்று, உள்ளே ஒரு படையே இருப்பதாக எதிரியை நம்பவைத்தார் என்று கதை. பாறையின் அடியில் நீண்டு அகன்ற கருஞ்சாம்பல் நிறக் கடற்கரை. நீலக் கடலின் விளிம்பில் அந்தக் கருமையைப் படங்களில் பார்த்துத்தான் நாங்கள் இந்தத் தீவையே தேர்ந்தெடுத்தோம். வருகிறவர்கள் வெள்ளைக் கற்களைப் பொறுக்கி, கருமையின் மேல் பெயர்களையும் கோலங்களையும் அடுக்கிவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கரை எப்படிக் கறுத்தது என்று தேடிப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நோன்ஸாவுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் கனாரி. அங்கே மலையைப் படிப்படியாக வெட்டிக் கல்நார் எடுத்த சுரங்கம் ஒன்று இருந்தது. 1965இல் மூடப்பட்டது. நாரைப் பிரித்தபின் மிஞ்சிய கல்லை நேராகக் கடலில் கொட்டினார்கள். கடல் அதை உருட்டி, மழுக்கி, தெற்கே கொண்டுபோய் அல்போவிலும் நோன்ஸாவிலும் கரையாக விரித்தது. கல்நாரைப் பிரான்ஸ் தடைசெய்தது 1997இல்.

கல்நார் என்பது நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்வதுதான். எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு ஓலையை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட நாளை நன்றாக நினைவிருக்கிறது. நீளம் கூடுதலாக இருந்த நான்கு ஷீட்டுகளை அப்பா முற்றத்தில் வைத்து ரம்பத்தால் அறுத்தார். மாவு போல வெள்ளைத் தூசி பறந்தது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். என் தலையெல்லாம் நரைத்துவிட்டதென்று தம்பி சிரித்தான். அந்தத் தூசி நுரையீரலில் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடப் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு கணக்குக் கேட்கக்கூடியது என்பது அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அப்பா போய்விட்டார், காரணம் வேறு என்றார்கள். நான் இன்னும் மலையேற்றச் சாலைகளுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் நோன்ஸா வேண்டாம் என்கிறீர்களா?"

வேண்டும் என்றேன். ஆனால் கடிகாரத் திசையில் போனால் முதலில் நோன்ஸா வரும். வாய்பிளந்து பார்ப்போம், படம் எடுப்போம். அதன் பிறகு கனாரியின் வெட்டுண்ட மலை வரும்; ஏற்றத்தில் மூச்சுவாங்கித் தலைகுனிந்து கடந்துவிடுவோம். எதிர்த்திசையில் போனால் முதலில் மலையின் தழும்பு. பிறகு அல்போ. பிறகுதான் நோன்ஸா. அந்தக் கற்கள் போன திசையிலேயே நாமும் போயிருப்போம். பச்சைக் கோடு சுரங்கத்தையும் கரையையும் ஒன்றாகவே தாண்டிப் போகிறது. அதற்கு அழகை அடையாளம் காட்டுவதோடு வேலை முடிந்தது. எந்த வரிசையில் பார்ப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்தார். "சரி. பள்ளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். காற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

அதாவது, நான் முன்னால் ஓட்டிக் காற்றைப் பிளக்க வேண்டும். அவர் என் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வருவார். செந்தூரியிலிருந்து விடிந்ததும் கிளம்பினால் மலையின் நிழல் வெகுநேரம் சாலையில் இருக்கும், வண்டிகளும் குறைவு என்று கணக்குப் போட்டோம். லிபெச்சியோ பலமாக வீசினால் அன்று புறப்படுவதில்லை. மூன்றாம் நாள் 536 மீட்டர் உயரத் தெகீம் கணவாய். 1943 அக்டோபரில் மொரோக்கோ வீரர்கள் உயிரைக் கொடுத்து அதைப் பிடித்த பிறகுதான் பாஸ்தியா ஜெர்மானியரிடமிருந்து விடுபட்டது. மேலே நின்றால் இரு பக்கமும் கடல் தெரியுமாம். அங்கிருந்து பாஸ்தியாவுக்கு இறக்கம், மிதிக்க வேண்டியதில்லை.

மே மாதம் போகிறோம். போகும் கரைகளிலிருந்தெல்லாம் ஒரு கூழாங்கல் எடுத்துவந்து புத்தக அலமாரியில் வைப்பது என் வழக்கம். திட்டத்தாளின் கீழே நண்பர் தம் கையெழுத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறார்:

கனாரி, சாலையில் நின்றே பார்ப்பது, பத்து நிமிடம்.

நோன்ஸா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். கல் எடுக்கக் கூடாது.