அப்பத்தா பார்த்த நியூஸ் ரீல்

சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டெண்டு கொட்டகையில் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். பாட்டு கேட்டதும் வீட்டுக்கு வீடு சோறு போடுவார்கள். ஆனாலும் யாரும் ஓடமாட்டார்கள். முதல் கால் மணி நேரம் நியூஸ் ரீல்தானே! ஆண்கள் வெளியில் நின்று பீடியை நிதானமாக முடிப்பார்கள். உள்ளே நாங்கள் மணலைக் குவித்து மேடு கட்டிக்கொண்டிருப்போம். பின்னால் இருப்பவன் அதைக் காலால் கலைப்பான். அந்தச் சண்டை முடியும்போது திரையில் பீகாரில் வெள்ளம் வந்திருக்கும்.

எந்த மாதம் போனாலும் பீகாரில் வெள்ளம். மந்திரி ஹெலிகாப்டரிலிருந்து குனிந்து பார்ப்பார். அப்புறம் ஒரு அணையைத் திறப்பார்கள். விமானத்திலிருந்து யாரோ வெளிநாட்டுத் தலைவர் இறங்கி மாலை வாங்கிக்கொள்வார். கடைசியில் கிரிக்கெட். எல்லாவற்றுக்கும் ஒரே கனத்த குரல், துக்க வீட்டில் பேசுவதுபோல. 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் பம்பாயிலிருந்து அனுப்பிய படங்கள் அவை. தியேட்டர் உரிமத்தின் நிபந்தனைப்படி ஒவ்வொரு காட்சியிலும் காட்டியே ஆக வேண்டும், அதற்கு வாடகையும் கட்ட வேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது விசில் அடிப்பது ஒன்றுதான்.

ஊரில் நியூஸ் ரீலுக்காகவே கொட்டகைக்கு வந்த ஒரே ஆள் என் அப்பத்தா.

சின்னச் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்த இரண்டு வாரமும் அப்பத்தா டீக்கடை ரேடியோவை விட்டு நகரவில்லை. தையில் கடுதாசி வந்தது. சுகமாக இருப்பதாகச் சித்தப்பா எழுதியிருந்தார். அப்பா இரண்டு தரம் படித்துக் காட்டினார். அப்பத்தா சமாதானமாகவில்லை. “கடுதாசிய எவன் வேணாலும் எழுதலாம்டா. மொகத்தப் பாத்தாத்தான் ஆச்சு.”

நகரத்துத் தியேட்டர்களில் ஓடி, கீறல் விழுந்து, துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட பிறகுதான் நியூஸ் ரீல் எங்கள் கொட்டகைக்கு வரும். சண்டைப் படம் வந்தபோது பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம். சரணடைந்த பாகிஸ்தான் தளபதி நியாஜி மேசைக்கு முன் குனிந்து கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நம் தளபதி அரோரா. கொட்டகை முழுக்கக் கைதட்டல். அப்பத்தா மேசையைப் பார்க்கவே இல்லை. பின்னால் முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துச் சட்டென்று எழுந்தாள். “அந்தா நிக்கிறான்டா எம்புள்ள!” பின்னாலிருந்து “கெழவி, மறைக்காதே, உக்காரு” என்று கத்தினார்கள். அவள் உட்காருவதற்குள் திரையில் கிரிக்கெட் வந்துவிட்டது.

அந்தப் படம் ஓடிய நான்கு நாளும் அவளை நான்தான் கூட்டிப்போனேன். நியூஸ் ரீல் முடிந்ததும் “வாடா போகலாம்” என்று எழுந்துவிடுவாள். சிவாஜி படத்தைப் பார்க்காமல் எழுந்து வந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றும் இருக்கிறது.

சித்திரையில் சித்தப்பா லீவில் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “நான் ராஜஸ்தான் மணல்ல கெடந்தேன் ஆத்தா. டாக்கா எந்தத் தெசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது.” அப்பத்தா அசையவில்லை. “உனக்கென்ன தெரியும், நான்ல பாத்தேன்.”

எங்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. ஃபிலிம் அறுந்தால் ஆபரேட்டர் நாலைந்து கட்டத்தை வெட்டிவிட்டு ஒட்டுவார். வெட்டிய துண்டுகள் எங்களுக்கு. பியூஸ் போன பல்பின் அடியை உடைத்து, தண்ணீர் ஊற்றி, வாசலில் ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட, இருட்டு அறையில் அப்பாவின் வேட்டிமேல் படம் காட்டுவோம். ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ஆள் நேராகத் தெரிவான். ஒரு எம்.ஜி.ஆர். துண்டுக்குப் பத்து நியூஸ் ரீல் துண்டு என்பது பள்ளிக்கூடத்து விலை. சீந்த ஆளில்லாத அந்த பீகார் வெள்ளத்துச் சனங்கள், இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவர்கள், என் ஜியாமெட்ரி பாக்ஸில் வெகுநாள் கிடந்தார்கள். வீடு மாறியபோது பெட்டியோடு தொலைந்தது.

பிலிம்ஸ் டிவிஷன் படங்கள் பலவற்றை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். சுதந்திரம் வந்த வருஷம் பிறந்த பிள்ளைகளை, இருபது வயதில் பேசவிட்டு எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த ‘ஐ ஆம் 20’ போன்ற அருமையான படங்களும் அதில் உண்டு. அரசாங்கப் பிரச்சாரம் என்று நாங்கள் கேலி செய்தது சரிதான். ஆனால் கேமராவுக்கு மந்திரியை மட்டும் தனியாகப் பிடிக்கத் தெரியாது. ரிப்பன் வெட்டும் கைக்குப் பின்னால் சித்தாள்கள் அணைக்கட்டில் வரிசையாகச் சாந்துச்சட்டி கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் புடவைக் கட்டையும் நடையையும் வேறு யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. குரல் சொல்வதை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். அப்பத்தா அதைத்தான் செய்தாள்.

மிஞ்சியது இவ்வளவுதான் என்பதும் உண்மை. தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. பழைய ஃபிலிமை வெள்ளிக்காக உருக்கினார்கள். தூர்தர்ஷனில் டேப் விலை அதிகமென்று பழைய பதிவுகளின்மேலேயே புதியவற்றைப் பதிந்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் சுற்றி, முப்பது ஆண்டுகளில் பலர் எடுத்திருந்த காந்தி காட்சிகளைத் தேடிச் சேர்த்து, 1940இல் தமிழில் ஆவணப்படமாக வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் படம் முழுசாக இன்று நம்மிடம் இல்லை. 1953இல் அமெரிக்காவில் வந்த ஆங்கில வடிவத்தைத்தான் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார்.

டாக்கா காட்சியைப் போன மாதம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் நிறையத் தலைகள். யாரும் சித்தப்பா இல்லை.

டெண்டு கொட்டகை நடத்தியவர்கள் வீட்டுப் பரணில் வட்டத் தகரப் பெட்டிகள் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் ஒரு தரம் திறந்து பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதும் எறிந்துவிடாதீர்கள். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.