42 புள்ளிகள்

2025 ஜனவரி 26ஆம் நாளோடு கோபி பிரையன்ட் இறந்து ஐந்து ஆண்டுகள் நிறைந்தன. ஆண்டுதோறும் இந்நாளில் அவரைப் பற்றி இங்கே ஏதேனும் எழுதிவிடுவது என் வழக்கம். அவற்றுள் முதலாவது, 2020இல் அவர் இறந்த மறுநாள் எழுதியது, என் பதிவுகளிலேயே மிகுதியாகப் பகிரப்பட்டது. அதிலுள்ள தகவல்கள் அனைத்தும் சரியானவை. ஆயினும் இன்று அதை வாசிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைத் திருத்தி எழுத ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். ஆய்வேடும் ஏறத்தாழ இதே வேகத்தில்தான் நகர்கிறது என்பதை என் நெறியாளர் அறிவார்.

அன்று குடியரசு நாள். தில்லியில் எலும்பை உறுத்தும் குளிர். கலிபோர்னியாவின் கலபாசஸ் மலைச்சரிவில், மூடுபனிக்குள் அந்த ஹெலிகாப்டர் விழுந்தபோது அங்கே காலை 9.45, இங்கே இரவு 11.15. செய்தி எங்கள் விடுதிக்கு வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. ஐஸ்வாலிலிருந்து வந்து பொருளியலில் ஆய்வு செய்துகொண்டிருந்த நண்பர் கதவைத் தட்டினார். ஒன்றும் சொல்லாமல் கைபேசியை நீட்டினார். மிசோரத்தில் கூடைப்பந்து எத்தகைய பித்து என்பது அங்குள்ளவரோடு பழகியோர்க்குத் தெரியும். 41 வயதுக் கோபியோடு, 13 வயது மகள் ஜியானாவும் இறந்துவிட்டாள் என்பது சிறிது நேரம் கழித்தே தெரிந்தது. மகள் ஆடவிருந்த ஆட்டத்துக்காகவே சென்றுகொண்டிருந்தனர். அவளோடு ஆடும் சிறுமியர் இருவர், பெற்றோர், துணைப் பயிற்சியாளர், விமானி என ஒன்பது உயிர்கள்.

விடுதியின் பின்புறம் உள்ள ஆடுகளத்தில் பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிடுவர். ஆறேழு பேர் போர்வையைப் போர்த்தியபடி அங்கே போய் நின்றோம். யாரோ பந்து கொண்டுவந்திருந்தார். கைபேசி வெளிச்சத்தில் வளையம் மங்கலாகத் தெரிந்தது. முறைவைத்து எறிந்தோம், யாரும் எண்ணவில்லை. காவலர் விரட்ட வந்தார். என்ன நேர்ந்தது என்று கேட்டார், சொன்னோம். அவருக்குக் கோபி யாரென்று தெரியாது. ஆனால் மகளின் வயதைக் கேட்டபின் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

அதே நாளில், சான் அன்டோனியோவில் டொராண்டோ அணியும் சான் அன்டோனியோ அணியும் ஆடின. கூடைப்பந்தில் பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்கு. இரு அணிகளும் தத்தம் முதல் 24 விநாடிகளை ஆடாமலே ஓடவிட்டன. கோபியின் சட்டை எண் 24. விளையாட்டின் விதியை மீறுவதையே அஞ்சலியாக்கிய அந்தக் காட்சியை இணையத்தில் பலமுறை பார்த்தேன். பிலிப்பைன்ஸில், டகிக் நகரின் குடியிருப்பு ஒன்றின் நடுவிலிருக்கும் ஆடுகளத்தின் தரை முழுவதும் தந்தையும் மகளும் ஓவியமாயினர்.

எங்கள் வீட்டில் கோபி என்பது அயல்பெயரன்று. அவரது கடைசி ஆட்டம் அமெரிக்காவில் 2016 ஏப்ரல் 13 மாலை. நமக்கு ஏப்ரல் 14 காலை, சித்திரை முதல் நாள். அம்மா மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் இடித்துக்கொண்டிருந்தார். நான் தொலைக்காட்சியை விட்டு அசையவில்லை. முதல் ஐந்து வீச்சுகளும் தவறின. 37 வயதில், முறிந்து ஒட்டிய குதிகால் நரம்போடு, அன்று 50 முறை எறிந்து 60 புள்ளிகள் எடுத்தார். யூட்டா அணியை லேக்கர்ஸ் 101க்கு 96 என்று வென்றது. நான் ‘கோபி, கோபி’ என்று கத்துவதைக் கேட்ட அம்மா, “எந்தக் கோபிடா, உன்கூடப் பத்தாவது படிச்சானே அவனா?” என்றார். விளக்கியபின் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தார். “இருபது வருசமா ஒரே எடத்துல வேலை பாத்திருக்கான். நல்ல புள்ள” என்பது அவரது தீர்ப்பு.

2020இல் அவர் தொலைபேசியில் கேட்டது இரண்டே கேள்விகள். “தம்பி, நம்ம கோபி போயிட்டானாமே?” பிறகு, “அந்தப் பொண்ணுமா?”

ரசிகர்கள் ஒருவரை நினைவில் வைத்திருக்கும் முறைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது குப்பைக்கூடை. உலகெங்கும் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் காகிதத்தைக் கசக்கித் தொலைவிலுள்ள கூடைக்கு எறிவோர் ‘கோபி!’ என்று கூவுவர். எங்கள் ஆய்வாளர் அறையிலும் அவ்வாறே. என் இரண்டாம் இயலின் முதல் வரைவு முழுவதும் பக்கம் பக்கமாக அந்தப் பெயரோடுதான் கூடைக்குள் போயிற்று. கூவுவோரில் பாதிப்பேர் அவர் ஆடி ஒருமுறையும் பார்த்ததில்லை. கை மடங்கி மணிக்கட்டு வளைவதிலேயே ஒருவர் தங்கிவிடுகிறார்.

லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கத்தின் முன்னே மக்கள் கொண்டுவந்து வைத்தவற்றைப் பின்னர் எண்ணினார்கள். 1,353 கூடைப்பந்துகள். ஏறத்தாழ 25,000 மெழுகுவத்திகள். கடிதங்களும் அட்டைகளுமாக 5,000. நூற்றுக்கணக்கான காலணி இணைகளும் பொம்மைகளும். மலர்களை எருவாக்கி அரங்கைச் சுற்றியுள்ள செடிகளுக்கே இட்டனர். ஆவணக்காப்பகங்களில் காலம் கழிப்பவனாதலால் இந்தக் கணக்கெடுப்பு என்னைப் பெரிதும் ஈர்த்தது. துயரத்துக்கும் ஒரு பதிவேடு திறந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

இனி அந்தப் பதிவுக்கு வருகிறேன். மேலே சொன்ன பலவும் அதில் இருந்தன. கூடவே ஒரு வரியும் இருந்தது: காலையில் நீதிமன்றத்தில் நின்ற மனிதர், விமானம் ஏறி வந்து அன்றிரவே 42 புள்ளிகள் எடுத்தார், மனத்திண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கோபியின் ரசிகர்கள் அனைவரும் அறிந்த கதை அது. 2004 மே 11, சான் அன்டோனியோவுக்கு எதிரான ஆட்டம். பள்ளி நாள்களில் அதை நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவன் நான். நூற்றுக்கணக்கானோர் அந்த வரியைத்தான் எடுத்துப் பகிர்ந்தனர்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த மதுரைக்கார அக்கா ஒருவர், நான் தில்லிக்கு வந்த முதல் மாதத்தில் குளிருக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தவர், அதன் கீழே ஒரே வரி எழுதினார்: “நீதிமன்றத்தில் எந்த வழக்குக்காக நின்றார் என்பதையும் எழுதலாமே, தம்பி.”

நான் எழுதிய மறுமொழி: “இழவு வீட்டில் கேட்கும் கேள்வியா இது, அக்கா?”

அதற்கு விழுந்த விருப்பக்குறிகள் எனக்குத் துணிவு தந்தன. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். அவர்கள் அக்காவை எப்படியெல்லாம் எழுதினார்கள் என்பதை இங்கே மீண்டும் சொல்ல மாட்டேன். மாலைக்குள் அவர் தம் வரியை நீக்கிவிட்டார். நான் யாரையும் தடுக்கவில்லை. எந்த வசவையும் அழிக்கவில்லை. மறுநாள் தேநீர்க்கடையில் பார்த்தபோது வழக்கம்போலப் பேசினார். அந்தப் பேச்சு மட்டும் அதன்பின் எங்களிடையே எழவே இல்லை.

அந்த வழக்கு இது. 2003 கோடையில், கொலராடோ மாநிலத்தில், தாம் தங்கியிருந்த விடுதியில் பணியாற்றிய 19 வயதுப் பெண்ணைக் கோபி வன்புணர்ந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. உறவு நிகழ்ந்ததை ஒப்புக்கொண்ட அவர், அது இருவரின் இசைவோடு நிகழ்ந்தது என்றார். அப்பெண்ணின் பெயர் வெளியே கசிந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. அவரது அந்தரங்க வாழ்வு ஊடகங்களில் அலசப்பட்டது. சாட்சியம் அளிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்ததையடுத்து, 2004 செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. அன்று கோபி வெளியிட்ட அறிக்கையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். தாம் இசைவு என்று கருதியதை அவர் அவ்வாறு கருதவில்லை என்பதை இப்போது புரிந்துகொள்வதாகவும் சொல்லியிருந்தார். தனியாகத் தொடரப்பட்ட உரிமையியல் வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது. அதன் நிபந்தனைகள் வெளியாகவில்லை.

நாங்கள் பெருமையோடு சொல்லித் திரிந்த ‘மாம்பா’ என்ற பட்டப்பெயரும் அந்நாள்களில் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது. வழக்கின் நெருக்கடியில் இருக்கும் மனிதன் வேறு, களத்தில் இறங்குபவன் வேறு என்று தம்மையே பிரித்துக்கொள்வதற்காக வைத்துக்கொண்டதாக 2015இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார். ‘மாம்பா மனநிலை’ என்று சட்டையில் அச்சிட்டு அணிந்தவர்களுள் நானும் ஒருவன். ஆக, நான் ஒதுக்கிவைத்துவிட்டு அழலாம் என்று நினைத்த பகுதி, நான் விரும்பிய கதையின் அடித்தளத்திலேயே இருந்தது. அந்த 42 புள்ளிகளைச் சொல்லும்போதெல்லாம் அப்பெண்ணைப் பற்றியும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அவரை மட்டும் விட்டுவிட்டு.

இதில் நான் தனியன் அல்லன் என்பது ஆறுதல் ஆகாது. கோபி இறந்த அன்றே அந்த வழக்கைப் பற்றிய பழைய கட்டுரையின் இணைப்பைப் பகிர்ந்த செய்தியாளர் ஒருவரை வாஷிங்டன் போஸ்ட் இடைநீக்கம் செய்தது. சக ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டபின் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அவருக்கும் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. ‘இது அதற்கான நேரமில்லை’ என்பதே அங்கும் வாதம். 2004இல் ஆட்டத்தின் நேரம், 2016இல் விடைபெறும் நேரம், 2020இல் துக்கத்தின் நேரம். அந்தப் பெண் இன்று நாற்பதை எட்டியிருப்பார். உலகம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி அழுத இரவில் அவர் எங்கே இருந்தார், தொலைக்காட்சியை அணைத்துவிட்டாரா என்று நான் ஒருமுறையும் எண்ணியதில்லை.

துக்கம் பொய்யில்லை. மகளோடு அரங்கின் ஓரத்தில் அமர்ந்து ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருக்கும் அந்தத் தந்தையின் காணொளியை இன்றும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. பின்னோக்கிச் சாய்ந்தபடி எறியும் அந்த வீச்சைக் கண்டால் இன்றும் உடல் சிலிர்க்கிறது. காகிதம் கசக்கினால் வாயில் வருவது இன்றும் அதே பெயர்தான். இவற்றை ஒன்றோடொன்று இணக்கமாக அடுக்கிவைக்கும் கோட்பாடு எதுவும் என்னிடம் இல்லை. தெரிந்தோர் சொன்னால் அடிக்குறிப்பில் நன்றி சொல்வேன்.

2024 பிப்ரவரி 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கின் முன் கோபியின் வெண்கலச் சிலையைத் திறந்தார்கள். 2006இல் டொராண்டோவுக்கு எதிராக 81 புள்ளிகள் எடுத்துவிட்டு விரலுயர்த்தி வெளியேறும் கோலம். பீடத்தில் அந்த ஆட்டத்தின் புள்ளிப்பட்டியலைப் பொறித்திருந்தனர். அதில் வேறு ஆட்டக்காரர் இருவரின் பெயர்களில் எழுத்துப்பிழை. கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். அணியும் திருத்திவிடுவதாகச் சொன்னது. மெய்ப்புத் திருத்துவதில் எனக்குள்ள வெறியை அறிந்த நண்பர்கள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவுதான் பழைய பதிவை எடுத்து மறுபடியும் வாசித்தேன்.

இதைப் பதிவிடும் முன் அக்காவுக்கு அனுப்பினேன். அவர் இப்போது வேறு நகரில் சட்டக் கல்லூரி ஒன்றில் கற்பிக்கிறார். மன்னிப்பும் கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ‘2004 செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது’ என்று மட்டும் நான் எழுதியிருந்தேன். அதற்கு முன்னே உள்ள ‘சாட்சியம் அளிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்ததையடுத்து’ என்னும் தொடர் அவர் சேர்த்தது. கீழே, முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது, இன்னும் களத்துக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தார்.